கேபின், கேட், கைகாட்டி: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

ரயில்வே கேட்டை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் பழைய சிக்னல் கேபின்களை, அதாவது லீவர் இழுத்து சிக்னல்களை இயக்கிய கட்டடங்களைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். கேபினைக் கேட்டால் கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே இயந்திரத்தின் இரண்டு முனைகள் என்பதால் எல்லாக் கேள்விகளையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் ஊர் லெவல் கிராசிங் பக்கத்தில் மாடி வைத்த சின்னக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மேலே சுற்றிலும் ஜன்னல். கீழே தண்டவாளத்தைப் பார்த்த சுவரின் அடியில் நீளமாக ஒரு சந்து. கேபின் என்கிறார்கள் சிலர், பம்ப் ரூம் என்கிறார்கள் சிலர். எப்படிக் கண்டுபிடிப்பது? (மொரப்பூர் வாசகர்)

பதில்: நீங்கள் சொன்ன அந்தச் சந்துதான் சாட்சி. மேலே லீவரை இழுத்தால் கீழே கம்பியும் இரும்புத் தண்டும் நகரும். அவை வெளியே வருகிற வாய் அது. பம்ப் ரூமுக்கு அப்படி ஒரு வாய் தேவையில்லை.

சந்துக்கு நேராகத் தண்டவாள ஓரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 2 மீட்டருக்கு ஒன்றாக, உருளை வைத்த சின்ன இரும்புத் தாங்கிகளோ அவற்றை அறுத்தெடுத்த அடிக்கட்டைகளோ வரிசையாகத் தெரியும். தண்டவாளம் பிரியும் இடமான பாயிண்டை நகர்த்தும் 33 மி.மீ. கனத் தண்டு அவற்றின் மேல்தான் ஓடியது. சற்றுத் தள்ளி, தரையில் அடித்த முளைகளில் சின்னக் கப்பிகள் இருந்தால் அவை கைகாட்டியை, அதாவது கம்பத்தில் கை போலச் சாயும் பழைய சிக்னலை, இழுக்கும் கம்பிக்கானவை. தண்டு திசை திரும்பும் இடத்தில் முழங்கை போல வளைந்த கிராங்க் ஒன்று கான்கிரீட்டில் பதிந்திருக்கும். மற்றதையெல்லாம் பழைய இரும்புக்குக் கொண்டுபோன பிறகும் இந்தக் கான்கிரீட் மட்டும் பெரும்பாலும் மிஞ்சிவிடும்.

மாடி எதற்கு என்றால், முதல் காரணம் பார்வை. நிற்கிற கூட்ஸ் வண்டிக்கு மேலாகவும் அடுத்த பாதை தெரிய வேண்டும். கடந்து போகும் ஒவ்வொரு ரயிலின் கடைசிப் பெட்டியிலும் பகலில் கடைசி வண்டி என்று காட்டும் எல்.வி. பலகையும் இரவில் சிவப்பு விளக்கும் இருக்கிறதா என்று கேபின்காரர் பார்த்தாக வேண்டும். அது தெரியவில்லை என்றால் வண்டி நடுவில் அறுந்து பாதி பின்னால் நிற்கலாம். இரண்டாவது காரணம், லீவர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பூட்டுக்கட்டை முழுதும் அவற்றின் காலடியில், கீழ் அறையில் இருக்கிறது. அந்த அறைக்குத் தனிப் பூட்டு. சிக்னல் பிரிவு ஆள் வராமல் கேபின்காரர் தனியாக உள்ளே போக முடியாது. லீவரை இழுக்கிற கைக்கும் பூட்டைத் திருத்துகிற கைக்கும் நடுவே அந்தச் சுவர் வேண்டும் என்றே அப்படி வைத்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கு வெளியே, சாலையில் நின்றே பார்க்கலாம். ரயில்வே இடத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் 1989 ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

கேள்வி: கேபின் லீவர்களுக்கு ஏன் வேறு வேறு நிறம்? தவறான லீவரை இழுத்தால் அது அசையாது என்கிறார்களே, எப்படி? பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்கள் செய்கிற மாதிரி ஒரு மாடல் சொல்ல முடியுமா? (பாலக்கோடு, ஆசிரியை)

பதில்: சிவப்பு, வண்டியை நிறுத்தும் சிக்னலுக்கு. கறுப்பு, தண்டவாளம் பிரியும் பாயிண்டுக்கு. நீலம், அந்தப் பாயிண்டைப் பூட்டும் பூட்டுக்கு. பழுப்பு, லெவல் கிராசிங் கேட்டுக்கு. வெள்ளை என்றால் வேலையில்லாத லீவர்.

ஒரு ரயிலை உள்ளே விட வேண்டும் என்றால் முதலில் பழுப்பு, அடுத்துக் கறுப்பு, பிறகு நீலம், கடைசியில்தான் சிவப்பு. திரும்ப வைக்கும்போது நேர் தலைகீழ். ஒவ்வொரு லீவரிலும் ஒரு தகடு இருக்கும். 8-ஆம் லீவர் தகட்டில் அதன் எண்ணோடு 3, 5, 6 என்று எழுதியிருந்தால், அந்த மூன்றையும் இழுக்காமல் 8 வராது என்று பொருள். மனப்பாடம் செய்யத் தவறினாலும் ஆபத்தில்லை. வரிசை தப்பினால் லீவர் கல் மாதிரி நிற்கும், பலம் போட்டாலும் வராது.

மாடலுக்கு வருவோம். 3 மி.மீ. கனத்துக்கு அட்டையை ஒட்டி அடுக்கிக்கொள்ளுங்கள். 20 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள் வேண்டும். இடது பட்டைக்குச் சிவப்பு அடித்துக் கைகாட்டி என்று பெயர் வையுங்கள். வலது பட்டை கறுப்பு, அது பாயிண்ட். ஒரு பலகையில் இரண்டையும் பக்கம் பக்கமாக, நடுவில் சரியாக 4 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். வெளி விளிம்புகளில் மெல்லிய சட்டம் ஒட்டினால் பட்டைகள் மேலும் கீழும் மட்டும் ஓடும்.

இடைவெளியில் குறுக்கே ஓட ஒரு துண்டு வெட்டுங்கள். அகலம் 2 செ.மீ., முனையிலிருந்து முனைக்கு 5 செ.மீ. நடுவில் 3 செ.மீ. நேராக இருக்கட்டும், இரண்டு பக்கமும் 1 செ.மீ. அளவுக்கு அம்பு போலக் கூராக வரட்டும். இந்தத் துண்டு இடம் வலமாக மட்டும் போக, அதன் மேலும் கீழும் இரண்டு சின்னச் சட்டங்களைப் பலகையில் ஒட்டிவிடுங்கள். இதுதான் பூட்டு.

இனி வெட்டு. சிவப்புப் பட்டையின் உள் விளிம்பில், பூட்டின் முனைக்கு நேராக, வாய் 2 செ.மீ., ஆழம் 1 செ.மீ. இருக்கும்படி முக்கோண வெட்டு. கறுப்புப் பட்டையிலும் அதே அளவு வெட்டு, ஆனால் பூட்டுக்கு 3 செ.மீ. மேலே. பட்டை எதுவும் 3 செ.மீ.க்கு மேல் ஓடாதபடி கீழே தடுப்பு வையுங்கள்.

இப்போது பூட்டின் இடது முனை சிவப்பின் வெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, வலது முனை கறுப்பின் நேர் விளிம்பில் முட்டுகிறது. சிவப்பை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது பூட்டை வலப்பக்கம் தள்ளப் பார்க்கும், கறுப்பு இடம் கொடுக்காது. கறுப்பை 3 செ.மீ. இழுத்தால் அதன் வெட்டு பூட்டுக்கு நேராக வரும். இனி சிவப்பு வழுக்கிக்கொண்டு வரும். பூட்டு கறுப்பின் வெட்டுக்குள் போய் உட்காரும். அதற்குப் பிறகு கறுப்பைத் திருப்பித் தள்ளிப் பாருங்கள், நகராது. பாயிண்டைச் சரியாக வைக்காமல் கைகாட்டியை இறக்க முடியாது, கைகாட்டி இறங்கிய பின் பாயிண்டை மாற்ற முடியாது. இரண்டு விதியையும் ஒரு துண்டு அட்டை காக்கிறது. உண்மையான கேபினின் கீழ் அறையிலும் எஃகில் இதேதான் நடக்கிறது.

சிக்கல் வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். வெட்டின் பக்கங்கள் சாய்வாக இல்லாமல் செங்குத்தாக இருந்தால், நகர வேண்டிய நேரத்திலும் பூட்டு நகராது. விளிம்பெல்லாம் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். இடைவெளி 4 செ.மீ.க்கு 3, 4 மி.மீ. கூடிப்போனால் பூட்டு ஆடும், கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுத்தால் வரக்கூடாத பட்டையும் அரைகுறையாக நகரும். மாணவர்களுக்கு இதையும் காட்டுங்கள். பழைய கேபின்களில் பூட்டுத் துண்டும் வெட்டும் தேய்ந்துபோனால் வரும் கோளாறு இதுதான். அதனால்தான் பூட்டுக்கட்டையைக் குறித்த காலத்தில் கழற்றிச் சுத்தம் செய்து, இழுக்கக்கூடாத ஒவ்வொரு லீவரையும் இழுத்துப் பார்த்துச் சோதிப்பார்கள். அசைய வேண்டியது அசைகிறதா என்று பார்ப்பது சுலபம், அசையக்கூடாதது அசையவில்லை என்று உறுதி செய்வதில்தான் வேலை அதிகம்.

கேள்வி: கைகாட்டி மரம் இருந்த காலத்தில், மார்கழி விடியற்காலையில் கை பாதி தொங்கியது போல இருக்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (ராயக்கோட்டை வாசகர்)

பதில்: உண்மைதான். கேபினிலிருந்து கைகாட்டிக்குப் போவது எஃகுக் கம்பி. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் மாறினால் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூட நீளும் அல்லது சுருங்கும். ஒரு மீட்டருக்கு இது ஒன்றுமில்லை. 800 மீட்டர் கம்பிக்கு, பகலுக்கும் விடியலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 14 செ.மீ. வருகிறது. உங்கள் மேட்டு நிலத்தில் மார்கழிப் பனியும் பகல் வெயிலும் சேர்ந்து இதை எளிதாகச் செய்யும்.

குளிரில் கம்பி சுருங்கும்போது, லீவர் தன் இடத்திலேயே இருந்தாலும் கை கொஞ்சம் இழுபடும். வெயிலில் கம்பி நீண்டு தொய்ந்தால் லீவரை முழுக்க இழுத்தும் கை போதுமான அளவு சாயாது. இதற்காக லீவரை ஒட்டிக் கம்பியை முறுக்கவும் தளர்த்தவும் ஒரு அட்ஜஸ்டர் உண்டு. விடியலில் தளர்த்தி, வெயில் ஏற ஏற இழுத்துப் பிடிப்பது கேபின்காரரின் அன்றாட வேலை. கை அரைகுறையாக நிற்பதைப் பார்த்தால், அந்த சிக்னல் காட்டக்கூடியதிலேயே மிகக் கண்டிப்பான கட்டளை அதுதான் என்று டிரைவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தும் சிக்னல் என்றால் நின்றாக வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது.

கம்பி அறுந்துவிட்டால் எடைக்கல் இழுத்து, கை தானாகவே நில் என்ற நிலைக்குப் போகும்படிதான் செய்திருந்தார்கள். இரட்டைக் கம்பி முறையில் தொய்வையும் சுருக்கத்தையும் எடை தொங்கும் காம்பன்சேட்டரே சரிசெய்துகொள்ளும் என்பதால் இந்த விடியற்காலைத் தொல்லை குறைவு.

கேள்வி: தருமபுரிக்குச் சின்ன ரயில் வந்ததாமே? (அரூர் வாசகர்)

பதில்: ஆமாம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதை 1906-ல் வந்தது, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி குறுகிய பாதை 1905-ல் வந்தது. பிறகு இரண்டும் மூடப்பட்டன. இன்று தருமபுரி வழியாகப் போகும் சேலம் - பெங்களூரு பாதை பின்னால் மீட்டர் கேஜாகப் போடப்பட்டு, 1990-களில் அகலப்பாதை ஆனது.

கேள்வி: கேபினுக்குள் டிங், டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டே இருக்குமே, அதற்கு என்ன கணக்கு? (பொம்மிடி வாசகி)

பதில்: அடுத்த நிலையத்தோடு பேசும் பாஷை அது. ஒரு அடி என்றால் கவனி, அல்லது போனை எடு. இரண்டு அடி, பாதை காலியா, வண்டி அனுப்பலாமா என்ற கேள்வி. மூன்று, வண்டி கிளம்பிப் பாதைக்குள் நுழைந்துவிட்டது. நான்கு, வண்டி முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. ஐந்து, கடைசியாகச் சொன்னது ரத்து. ஆறு அடி விழுந்தால் ஆபத்து, எதையும் அனுப்பாதே. 16 அடி, மணி வேலை செய்கிறதா என்ற சோதனை. இந்தப் பக்கம் அடித்ததை அந்தப் பக்கம் திருப்பி அடித்தால்தான் கேட்டதாகக் கணக்கு.

கேள்வி: ரயில் கண்ணுக்கே தெரியாது, கேட்டை மூடிவிடுகிறார்கள். சில கேட்டில் 3 நிமிடம், சில கேட்டில் 10 நிமிடம். கேட் கீப்பரைக் கேட்டால் என் கையில் இல்லை என்கிறார். உண்மையிலேயே அவர் கையில் இல்லையா? (தருமபுரி, ஆட்டோ ஓட்டுநர்)

பதில்: இல்லை. கேட் இரண்டு வகை. ஒன்று சிக்னலோடு பிணைத்த கேட். தடுப்புக் கம்பம் முழுதாக இறங்கிப் பூட்டினால்தான் சாவி கையில் வரும். அந்தச் சாவியைக் கருவியில் போட்டுத் திருப்பினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். சிக்னல் விழுந்த பிறகு சாவி வராது, கேட்டைத் திறக்க முடியாது. கேபின் இருந்த காலத்தில் அந்தப் பழுப்பு லீவர் செய்ததும் இதே வேலைதான்.

கணக்கைப் பாருங்கள். கேட்டுக்கு முன்னால் குறைந்தது 180 மீட்டரில் நிறுத்தும் சிக்னல். அதற்கு 1 கி.மீ. முன்னால் முன்னறிவிப்பு சிக்னல். அந்த சிக்னலை ஒரு 400 மீட்டர் தூரத்திலிருந்தே டிரைவர் பச்சையாகப் பார்த்தால்தான் பிரேக் போடாமல் வருவார். கூட்டினால் ஏறக்குறைய 1,600 மீட்டர். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரசுக்கு இது 52 விநாடி. 50 கி.மீ. வேகத்தில் வரும் கூட்ஸுக்குக் கிட்டத்தட்ட 2 நிமிடம், 650 மீட்டர் நீள வண்டி கடக்க இன்னும் முக்கால் நிமிடம். கம்பத்தை இறக்கிப் பூட்டி சிக்னல் போடும் நேரத்தையும் சேர்த்தால் 3, 4 நிமிடம் ஆகிவிடுகிறது. மொரப்பூர், பொம்மிடி வழி இரட்டைப் பாதை. எதிரே இன்னொரு வண்டி வந்தால் இரண்டும் போன பிறகுதான் திறக்கும்.

இன்னொன்று பிணைக்காத கேட். இங்கே இரும்பு செய்யும் வேலையைப் போன் செய்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார், கேட் கீப்பர் மூடிவிட்டு பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணைச் சொல்வார், இரண்டு பேரும் எழுதிக்கொள்வார்கள், அதற்குப் பிறகுதான் வண்டி அந்த நிலையத்தை விட்டுக் கிளம்பும். நிலையம் 8 கி.மீ. தள்ளி இருந்து வண்டி 50 கி.மீ. வேகத்தில் வந்தால் கேட்டைத் தொடவே ஒன்பதரை நிமிடம். நீங்கள் நிற்கிற 10 நிமிடக் கேட் அநேகமாக இந்த வகைதான்.

எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள, கேட்டுக்கு இரண்டு பக்கமும் பாதையோர சிக்னல் கம்பத்தைப் பாருங்கள். மஞ்சள் வட்டத்தில் கறுப்பில் ஆங்கில ஜி எழுத்து இருந்தால் அது அந்தக் கேட்டுக்கென்றே வைத்த சிக்னல். அது சிவப்பாக இருந்தால் டிரைவர் நின்று, விசில் கொடுத்து, பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் காத்திருந்து, பிறகு ஊர்ந்து கேட் வரை வந்து, கேட் கீப்பர் கைக்கொடி காட்டினால்தான் தாண்டுவார்.

கேட் கீப்பரிடம் சண்டை போட்டோ கம்பத்தைத் தூக்கியோ பயனில்லை. மூடிய கேட்டைத் திறந்தால் ரயில்வே சட்டம் 160-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை, உடைத்தால் 5 ஆண்டு வரை சிறை. மேம்பாலம் கேட்டு மனு கொடுக்கலாம். அதற்கு ரயில்வே பார்க்கும் கணக்கு டி.வி.யு., அதாவது டிரெயின் வெஹிகிள் யூனிட். ஒரு நாளில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். லாரி, கார், மாட்டு வண்டிக்கு ஒன்று, ஆட்டோவுக்கும் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் அரை. ஒரு லட்சம் தாண்டினால் மேம்பாலத்துக்குக் கேட்க நியாயம் உண்டு. 60 ரயில், 1,700 வண்டி என்றால் 1,02,000. ஒரு வாரம் இரவு பகலாக எண்ணி, தேதி போட்டு மனுவோடு இணைத்துக் கொடுங்கள். வெறும் புகாரைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

மனுவை எங்கே அனுப்புவது என்பதில் நம் பக்கத்தில் பலரும் தவறுகிறார்கள். தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை எல்லாம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். மொரப்பூர், பொம்மிடி, சாமல்பட்டி எல்லாம் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். தருமபுரி மனுவைச் சேலத்துக்கு அனுப்பினால் நாள் வீண்.

கேள்வி: ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும்போது கேட்டில் டிராக்டர் குலுங்கி, கரும்பு தண்டவாளச் சந்தில் விழுகிறது. அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா? டிரெய்லர் பாதையிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது? (மாரண்டஅள்ளி, விவசாயி)

பதில்: விட்டுவிட்டுப் போகக்கூடாது. நீங்கள் சந்து என்று சொல்வது, தண்டவாளத்துக்கும் அதன் உட்பக்கம் போட்ட காவல் தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. 51 முதல் 57 மி.மீ. அகலம், குறைந்தது 38 மி.மீ. ஆழம். ரயில் சக்கரத்தின் உள் விளிம்பு அதற்குள்தான் ஓடுகிறது. ஒரு தடிக் கரும்பு, ஜல்லி, கிரானைட் சில்லு, எது கெட்டியாக அதில் சிக்கினாலும் சக்கரம் ஏறக் காரணமாகலாம். கேட் கீப்பர் அந்தச் சந்தைக் கம்பியால் கிண்டிச் சுத்தம் செய்துகொண்டே இருப்பது இதற்காகத்தான். ஏதாவது விழுந்தால் அவரிடம் சொல்லுங்கள், சுமை ஏற்றும்போதே கடைசி வரிசையைக் கயிற்றால் இறுக்குங்கள். மின்பாதையாக இருந்தால் கேட்டுக்கு முன்னால் நிற்கும் உயரத் தடுப்பையும் பாருங்கள். அதன் உயரம் 4.67 மீட்டர். வைக்கோல் லாரியோ கரும்பு வண்டியோ அதில் உரசினால், மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்குக் கீழே அது போகவே கூடாது. சுமையின் மேல் யாரும் உட்கார்ந்திருக்கவும் கூடாது.

வண்டி நின்றுவிட்டால் முதல் வேலை ஆட்களை இறக்குவது. ஸ்டார்ட் செய்து பார்க்க ஒரு தடவைக்கு மேல் நேரம் கொடுக்காதீர்கள். உடனே கேட் கீப்பரிடம் ஓடுங்கள். அவர் சிக்னலைச் சிவப்பாக்குவார், ஸ்டேஷனுக்குப் போன் செய்வார், சிவப்புக் கொடியோடு பாதையில் ஓடுவார். அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு வெடிவில்லையும், 1,200 மீட்டரில் 10 மீட்டருக்கு ஒன்றாக மூன்றும் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார். இரட்டைப் பாதையில் இரண்டு திசையிலும் காப்பு வேண்டும். அவர் ஒரு பக்கம் ஓடும்போது, அவர் சொன்னால் மறு பக்கம் நீங்கள் சிவப்புத் துணியோடு ஓரமாக ஓடுங்கள். வேகமாக வரும் ரயில் பிரேக் போட்ட பிறகும் ஏறக்குறைய ஒரு கி.மீ. ஓடித்தான் நிற்கும். டிரெய்லர் பக்கத்திலேயே நின்று கை காட்டினால் எதுவும் நடக்காது, அத்தனை தூரம் முன்னால் போயாக வேண்டும்.

கேள்வி: பாழடைந்த கேபினை ரயில்வே அனுமதியோடு பழுது பார்த்து, படிப்பகமாக்க எங்கள் ஊரில் பேசுகிறோம். எதில் கவனம் வேண்டும்? (சாமல்பட்டி வாசகர்)

பதில்: நல்ல எண்ணம். கோட்ட மேலாளர் அலுவலகத்தின் எழுத்து அனுமதி வராமல் ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள்.

பழைய கட்டடம் என்றால் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருக்கும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக உதிரும். அதன் மேல் சிமெண்ட் பூசுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே நின்ற ஈரம் செங்கல்லின் முகத்தையே செதில் செதிலாக உரிக்கும். இரண்டு மழைக்காலத்தில் சுவர் பழையதைவிட மோசமாகும். மூட்டுகளை 15 முதல் 20 மி.மீ. ஆழம் சுரண்டி, தண்ணீர் தெளித்து, நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டரைப் பங்கு என்று அரைத்துப் பூசுங்கள். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். சித்திரை வெயிலில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம், காய்ந்து வெடிக்கும். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி எறிந்தால் சுவரும் கூடவே வரும். அடியோடு அறுத்து, வேரைப் பட்டுப்போகச் செய்து, பிறகு ஓட்டையை அடையுங்கள்.

மேலே மங்களூர் ஓடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 15 ஓடு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். பட்டியல் கட்டைகளில் கரையான் ஏறியிருக்கிறதா என்று உளியால் குத்திப் பார்த்த பிறகே ஓடு ஏற்ற வேண்டும்.

லீவர் வரிசை மிச்சம் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள், அந்தக் கட்டடத்தின் உயிரே அதுதான். மண்ணெண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் பழைய நிறத்தையே அடியுங்கள். எண் தகடுகளில் பெயிண்ட் படக்கூடாது. கைப்பிடிக்கு மட்டும் பெயிண்ட் கிடையாது. அது பளபளப்பாகத் தேய்த்த எஃகு. வியர்வை பட்டால் அன்றைக்கே துரு பூக்கும் என்பதால் கேபின்காரர்கள் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் லீவரைப் பிடிப்பார்கள். லேசாக எண்ணெய் துடைத்து விடுங்கள், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், பக்கத்தில் ஒரு துணியும் தொங்கட்டும். கீழ் அறைப் பூட்டுக்கட்டையை மூடி மறைக்க வேண்டாம். கம்பி வலை போட்டு வெளிச்சம் விட்டால், மேலே ஒருவர் லீவரை இழுக்கும்போது கீழே பூட்டு நகர்வதைப் பார்க்கலாம். தரையில் லீவர் எழும்பும் இடைவெளியில் சின்னப் பிள்ளையின் கால் போகும் என்பதால் அதற்கும் வலை வேண்டும்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் சிக்னல் விளக்குக் கண்ணாடி என்று இரண்டு வட்டக் கண்ணாடிகள் கொடுத்தார்கள். ஒன்று சிவப்பு. மற்றது பச்சை என்றார்கள், ஆனால் பார்த்தால் நீலமாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: ஏமாறவில்லை. அது நீலமாக இருப்பதுதான் அது அசல் என்பதற்கு அடையாளம். கைகாட்டிக் கம்பத்தில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு, அதன் சுடர் மஞ்சள். சரியான பச்சைக் கண்ணாடியை அதற்கு முன் வைத்தால் வெளிறிப்போன மஞ்சள்பச்சைதான் தூரத்தில் தெரியும். அதனால் கண்ணாடியையே நீலச்சாயலில் வார்த்தார்கள். மஞ்சள் சுடரும் நீலக் கண்ணாடியும் சேர்ந்து டிரைவர் கண்ணுக்குத் தெளிவான பச்சையாகப் போய்ச் சேரும். இரவில் கரண்ட் விளக்கை அணைத்துவிட்டு ஒரு சிமினி விளக்குக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அதே கண்ணாடியை வெள்ளை எல்.இ.டி. முன்னால் பிடித்தால் நீலமாகவே இருக்கும்.

கடைக்காரரிடம் அது ரயில்வே ஏலத்தில் எடுத்த சரக்கு என்பதற்கான பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு 1966-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்தால் போதும், ஆசிட் வேண்டாம்.